பைத்தான் மொழியில் ஒலித்தொகுப்பு

ஒலித்தொகுப்பு என்பது இசைக்கருவியோ ஒலிவாங்கியோ இன்றி, கணக்கீட்டின் மூலம் மட்டுமே ஒலியை உருவாக்கும் முறை ஆகும். முன்னரே பதிவு செய்யப்பட்ட ஒலிகளை வெட்டி ஒட்டிச் சீர்செய்யும் பணியும் சில வேளைகளில் இப்பெயரால் சுட்டப்படுவதுண்டு. இக்கட்டுரை அதனைப் பற்றியது அன்று. ஒலித்தொகுப்பு மென்பொருள்கள் பெரும்பாலும் சி, சி++ ஆகிய மொழிகளில் எழுதப்படுகின்றன. எனினும் அதன் அடிப்படைகளைக் கற்பதற்குப் பைத்தான் போன்றதொரு ஸ்கிரிப்டு மொழி மிகவும் ஏற்றது. நிரலில் ஓர் எண்ணை மாற்றிவிட்டு அதன் விளைவை உடனே செவியால் கேட்டுப் பார்க்கலாம். பைத்தானுடன் இயல்பாகவே வரும் நிரற்கூறுகளைக் கொண்டு, வேறு நிரலகம் எதனையும் நிறுவாமல், ஏறத்தாழ இருபது வரிகளில் முதல் ஒலியை உருவாக்க இயலும்.

ஒலியும் எண்களும்

ஒலி என்பது காற்றழுத்தத்தில் ஏற்படும் ஏற்ற இறக்கம் ஆகும். அந்த ஏற்ற இறக்கத்தைச் சமமான கால இடைவெளிகளில் அளந்து எழுதிய எண்களின் வரிசையே கணினியைப் பொறுத்தவரை ஒலி. அவ்வெண்கள் ஒவ்வொன்றும் மாதிரி எனப்படும். ஒரு நொடிக்கு எத்தனை மாதிரிகள் என்பது மாதிரி வீதம். 1982 இல் விற்பனைக்கு வந்த இசைக் குறுவட்டின் மாதிரி வீதம் 44,100 ஆகும். அதன் ஒவ்வொரு மாதிரியும் 16 பிட்டு அளவுள்ளது, அதாவது −32,768 முதல் 32,767 வரையிலான ஒரு முழு எண். இந்த அளவுகளே இன்றும் தொடக்கநிலை நிரல்களில் வழக்கமாகக் கையாளப்படுகின்றன.

மாதிரி வீதத்தில் பாதிக்கும் குறைவான அதிர்வெண்களை மட்டுமே இவ்வாறு சரியாகக் குறிக்க முடியும் என்பது மாதிரித் தேற்றம். இது ஹாரி நைக்விஸ்ட், கிளாடு சானன் ஆகியோரின் பெயர்களால் வழங்கப்படுகிறது. 44,100 மாதிரிகளுக்கு இந்த எல்லை 22,050 ஹெர்ட்சு. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்சு வரையே கேட்கும் என்பதால் இது போதுமானது.

ஒலிப்பதிவில் மாதிரிகள் அளக்கப்படுகின்றன. ஒலித்தொகுப்பிலோ அளப்பதற்கு எதுவும் இல்லை. எண்களை நிரலே எழுதுகிறது. நொடிக்கு 44,100 எண்களை எந்த விதியின்படி எழுதுவது என்பதே இத்துறையின் கேள்வி. இதனை உணராமல் பெரிய நிரலகம் ஒன்றை நிறுவித் தொடங்குவோர், ஒலியில் விரிசல் தோன்றும்போது காரணம் அறியாமல் தடுமாறுவதைக் காணலாம்.

வரலாறு

கணினியில் மாதிரி மாதிரியாக ஒலியைக் கணக்கிடும் முறையைத் தொடங்கி வைத்தவர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மேக்ஸ் மேத்யூஸ் (1926–2011). அவர் 1957 இல் எழுதிய 'மியூசிக்' என்னும் நிரல் ஐபிஎம் 704 கணினியில் இயங்கியது. அக்கணினி நியூயார்க் நகரில் இருந்தது. கணக்கிடப்பட்ட எண்கள் காந்த நாடாவில் எழுதப்பட்டு, நியூ ஜெர்சியில் இருந்த ஆய்வகத்திற்குக் கொண்டு வரப்பட்டு, அங்கு மின்னழுத்தமாக மாற்றப்பட்ட பின்னரே ஒலியைக் கேட்க முடிந்தது. முதலில் முழுவதையும் கணக்கிட்டுவிட்டுப் பின்னர் கேட்பது என்னும் இந்த முறையே, கோப்பில் எழுதிப் பின்னர் இயக்கும் இன்றைய தொடக்கநிலை நிரல்களிலும் பின்பற்றப்படுகிறது. இடையில் நாடாவைச் சுமந்து செல்லும் பயணம் மட்டும் இல்லை.

மியூசிக் நிரலின் வழித்தோன்றல்களுள் பாரி வெர்க்கோ மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1986 இல் உருவாக்கிய சிசவுண்டு குறிப்பிடத்தக்கது. அது இன்றும் பயன்பாட்டில் உள்ளது. பைத்தான் மொழியைக் குய்டோ வான் ராசம் 1991 இல் வெளியிட்டார். மைக்ரோசாப்ட்டும் ஐபிஎம்மும் வேவ் என்னும் ஒலிக்கோப்பு வடிவத்தை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

முதல் ஒலி

வேவ் கோப்பு தொடக்கநிலைக்கு ஏற்றது. அதில் மாதிரிகள் சுருக்கப்படாமல் வரிசையாக அமைகின்றன. முன்னால் ஒரு சிறு தலைப்பகுதி மட்டுமே உண்டு. பைத்தானில் இதற்கெனவே வேவ் என்னும் பெயரில் ஒரு நிரற்கூறு உள்ளது. கோப்பைத் திறந்து மூன்று விவரங்களைத் தர வேண்டும்: தடங்களின் எண்ணிக்கை 1, மாதிரியின் அகலம் 2, மாதிரி வீதம் 44100. அகலம் பைட்டுகளில் தரப்படுகிறது, பிட்டுகளில் அன்று. 16 எனத் தந்தால் பிழைச்செய்தி வரும். மாதிரிகளை 44,100 வீதத்தில் கணக்கிட்டுவிட்டுக் கோப்பில் 22050 எனக் குறித்தால் பிழைச்செய்தி எதுவும் வராது. ஆனால் ஒலி இருமடங்கு நேரம் நீண்டு, ஒரு தாயி தாழ்ந்து ஒலிக்கும்.

மாதிரிகளைக் கணக்கிடும் பகுதியைப் பின்வருமாறு எழுதலாம்.

கட்டம் ← 0
88200 முறை செய்க:
    மாதிரி ← 0.3 × சைன்(கட்டம்)
    பட்டியலில் சேர்: முழுஎண்(32767 × மாதிரி)
    கட்டம் ← கட்டம் + 2 × பை × 440 ÷ 44100

இது 440 ஹெர்ட்சு அதிர்வெண்ணுடைய தூய சைன் அலையை இரு நொடிகளுக்குத் தருகிறது. சைன் சார்பும் பை மதிப்பும் கணித நிரற்கூறில் உள்ளன. கிடைத்த முழு எண்களை அணி நிரற்கூறின் உதவியால் இரு பைட்டு எண்களாக மாற்றிக் கோப்பில் எழுதிய பின், அதனை எந்த ஒலி இயக்கியிலும் கேட்கலாம். பைத்தான் 3.0 பதிப்பு (2008) முதல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிட இயலும் என்பதால், மேலே உள்ள 'கட்டம்', 'மாதிரி' ஆகியவற்றை நிரலில் அப்படியே எழுதலாம். மொழியின் கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும்.

0.3 என்னும் பெருக்கு எண் காரணத்துடன் இடப்பட்டது. முழு வீச்சில் ஒலிக்கும் சைன் அலை காதுக்குக் கடுமையானது. புதிய நிரலை முதன்முறை கேட்கும்போது ஒலியளவைக் குறைத்து, காதணி ஒலிபெருக்கியைக் காதிலிருந்து கழற்றி வைத்துக்கொள்வது நல்லது. நிரற்பிழையால் உண்டாகும் ஒலி, பெரும்பாலும் எதிர்பார்த்ததை விட உரத்ததாகவே இருக்கும்.

இரண்டு மூன்று ஒலிகளைச் சேர்க்க அவற்றின் மாதிரிகளைக் கூட்டினால் போதும். ஆனால் கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டக் கூடாது. 40,000 என்னும் மதிப்பை இரு பைட்டு அணியில் இட முயன்றால் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். நம்பை நிரலகத்தைக் கொண்டு மாற்றும்போது பெரும்பாலான கணினிகளில் எச்சரிக்கை எதுவுமின்றி அது −25,536 ஆகிவிடும். அலையின் உச்சி திடீரெனப் பள்ளமாகி, கரகரப்பான பேரொலி எழும். நின்றுவிடுவதே இவ்விரண்டில் நல்லது.

கட்டத்தைக் கூட்டிச் செல்லல்

மேற்கண்ட நிரலில் கட்டம் ஒவ்வொரு மாதிரிக்கும் சிறிது சிறிதாகக் கூட்டப்படுவதைக் கவனிக்கலாம். பல வழிகாட்டிகள் இவ்வாறு செய்வதில்லை. பள்ளி இயற்பியலில் உள்ளபடி, கடந்த நேரத்தை அதிர்வெண்ணால் பெருக்கி, அதனை 2 × பை ஆல் பெருக்கிச் சைன் சார்பினுள் இடுகின்றன. அதிர்வெண் மாறாத வரை இரண்டும் ஒன்றே. மாறத் தொடங்கியதும் இரண்டாவது முறை தவறான விடை தரும்.

எடுத்துக்காட்டாக, 440 ஹெர்ட்சிலிருந்து 880 ஹெர்ட்சுக்கு இரு நொடிகளில் சீராக ஏறும் ஒலியைக் கருதுக. ஒரு கணத்தில் அதிர்வெண் 440 + 220 × நேரம். இதனை நேரத்தால் பெருக்கினால் 440 × நேரம் + 220 × நேரம் × நேரம் எனக் கிடைக்கும். செவி கேட்பது கட்டம் மாறும் வீதத்தை. அதாவது இதன் வகைக்கெழுவை. அது 440 + 440 × நேரம். ஆகவே இரு நொடிகளின் முடிவில் ஒலி 880 இல் நில்லாமல் 1,320 ஹெர்ட்சை எட்டிவிடும். நிரலைப் பார்த்தால் பிழையே தெரியாது, செவிக்கு மட்டும் தெரியும். கட்டத்தைக் கூட்டிச் செல்லும் முறையில் இச்சிக்கல் எழுவதில்லை. அதிர்வெண் எவ்வாறு மாறினாலும் அலை அறுபடாமல் தொடர்கிறது. கமகம் போன்ற வழுக்கல்களையும் அசைவுகளையும் உருவாக்க விரும்புவோர் முதல் நிரலிலேயே இம்முறையைப் பழகிக்கொள்வது நல்லது.

சுரத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் கேட்கும் 'டக்' என்னும் ஒலிக்கும் அலை அறுபடுவதே காரணம். சைன் அலை உச்சியில் இருக்கும்போது மாதிரிகள் சட்டெனச் சுழியானால், அந்தத் தாவலில் எல்லா அதிர்வெண்களும் சிறிதளவு கலந்திருக்கும். இதனைத் தவிர்க்க, வீச்சைத் தொடக்கத்தில் சுழியிலிருந்து படிப்படியாக ஏற்றி, முடிவில் படிப்படியாக இறக்க வேண்டும். ஐந்து முதல் பத்து மில்லிநொடி, அதாவது 220 முதல் 441 மாதிரிகள் போதும். காலத்தைப் பொறுத்து வீச்சு மாறும் இவ்வடிவம் உறை எனப்படுகிறது. ஒலி எந்தக் கருவியினுடையது என்று செவி கணிப்பதில் உறைக்குப் பெரும் பங்குண்டு. ஒரே அலையைத் திடீரென எழுப்பி மெல்லத் தேயவிட்டால் தட்டிய ஒலி போலவும், மெல்ல எழுப்பினால் ஊதிய ஒலி போலவும் தோன்றும்.

தொனி

சைன் அலை ஒரே ஓர் அதிர்வெண்ணை மட்டும் கொண்டது. இசைக்கருவியின் சுரத்திலோ அடிப்படை அதிர்வெண்ணுடன் அதன் இருமடங்கு, மும்மடங்கு எனப் பல சீரிசைகள் கலந்திருக்கும். அவற்றின் அளவு விகிதமே தொனியை வேறுபடுத்துகிறது. சீரிசை ஒவ்வொன்றுக்கும் ஒரு சைன் அலையைக் கணக்கிட்டுக் கூட்டுவது கூட்டல் தொகுப்பு. எளிதானது, ஆனால் கணக்கீடு மிகுதி.

குறுக்குவழியாக, ஒவ்வொரு சுழற்சியிலும் −1 முதல் +1 வரை நேராக ஏறி, பின்பு சட்டென விழும் இரம்பப்பல் அலையை நேரடியாக எழுதலாம். அதில் எல்லாச் சீரிசைகளும் உள்ளன. எல்லையைத் தாண்டியவையும் உள்ளன. 5,000 ஹெர்ட்சு இரம்பப்பல் அலையின் ஐந்தாம் சீரிசை 25,000 ஹெர்ட்சு. இது 22,050 ஐத் தாண்டுவதால் 44,100 − 25,000 = 19,100 ஹெர்ட்சாக மடிந்து திரும்பும். எட்டாம் சீரிசையான 40,000 ஹெர்ட்சோ 4,100 ஆக வந்து நிற்கும். அது அடிப்படைச் சுரத்தை விடவும் தாழ்ந்தது; சுரத்துடன் எவ்வித இசைவும் இல்லாத போலிச் சுரம். உயர் சுரங்களில் கேட்கும் கீச்சொலிக்கு இதுவே காரணம். கணக்கிட்ட பின்னர் வடிகட்டி நீக்க முயல்வது பயனற்றது, ஏனெனில் போலிச் சுரம் மெய்ச் சுரங்களுக்கு இடையிலேயே அமர்ந்திருக்கிறது. எல்லைக்கு உட்பட்ட சீரிசைகளை மட்டும் கூட்டி அலையை அமைப்பது தொடக்கநிலைக்குப் போதுமான தீர்வு.

ஓர் அலையியற்றியின் கட்டத்தை மற்றோர் அலையியற்றியால் அசைத்துச் செழுமையான தொனியைப் பெறும் முறையை ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சௌனிங் 1967 இல் கண்டறிந்து 1973 இல் வெளியிட்டார். அதிர்வெண் பண்பேற்றத் தொகுப்பு எனப்படும் இம்முறையைப் பயன்படுத்தியே யமஹா நிறுவனம் 1983 இல் டிஎக்ஸ் 7 என்னும் புகழ்பெற்ற மின்னணு இசைப்பலகையை வெளியிட்டது. பைத்தானில் இதற்குத் தேவைப்படுவது ஒரே ஒரு மாற்றம்தான்: சைன்(கட்டம்) என்பதற்குப் பதிலாக சைன்(கட்டம் + ஆழம் × சைன்(மற்றொரு கட்டம்)) என எழுதினால் போதும். இரு அதிர்வெண்களும் எளிய முழு எண் விகிதத்தில் இருந்தால் சுரம் பிறக்கும். 1 : 1.4 போன்ற விகிதங்களில் மணியோசை பிறக்கும்.

மீட்டிய தந்தி

மிகச் சிறிய நிரலில் மிக இயல்பான ஒலியைத் தருவது கார்ப்பிளசு–சுட்ராங் முறை ஆகும். கெவின் கார்ப்பிளசு, அலெக்சாண்டர் சுட்ராங் ஆகியோர் இதனை 1983 இல் வெளியிட்டனர். இதில் சைன் சார்பே இல்லை. ஓர் அணியைச் சமவாய்ப்பு எண்களால் நிரப்பி, அதனையே மீண்டும் மீண்டும் சுற்றி வாசிக்க வேண்டும். வாசித்த ஒவ்வோர் எண்ணையும் அதற்கு முந்தைய எண்ணுடன் சராசரி எடுத்துப் பின்முனையில் சேர்க்க வேண்டும்.

அணி ← −1 முதல் +1 வரையிலான 337 சமவாய்ப்பு எண்கள்
முந்தையது ← 0
ஒவ்வொரு மாதிரிக்கும்:
    இப்போதையது ← அணியின் முன்முனையிலிருந்து எடு
    அணியின் பின்முனையில் சேர்: 0.996 × (இப்போதையது + முந்தையது) ÷ 2
    வெளியீடு ← இப்போதையது
    முந்தையது ← இப்போதையது

தொடக்கத்தில் இருப்பது வெறும் இரைச்சல். ஆனால் அது 337 மாதிரிகளுக்கு ஒருமுறை திரும்ப வருவதால் செவி அதனைச் சுரமாக உணர்கிறது. சராசரி எடுப்பது உயர் சீரிசைகளை விரைவாகவும் தாழ்ந்தவற்றை மெதுவாகவும் தேய்க்கிறது. மீட்டிய தந்தியிலும் இவ்வாறே நிகழ்கிறது. எனவேதான் இரைச்சல் ஒரு நொடிக்குள் தந்தியோசையாகக் கனிகிறது. இரு முனைகளிலும் விரைந்து சேர்க்கவும் நீக்கவும் வல்ல இருமுனை வரிசை, பைத்தானின் செந்தர நிரற்கூறுகளிலேயே கிடைக்கிறது.

சுரத்தின் அதிர்வெண், மாதிரி வீதத்தை அணியின் நீளத்துடன் அரையைக் கூட்டி வகுத்தால் கிடைக்கும். 44,100 ஐ 337.5 ஆல் வகுக்க ஏறத்தாழ 130.7 ஹெர்ட்சு. அந்த அரை, சராசரி எடுப்பதால் நேரும் அரை மாதிரித் தாமதம். முந்தைய எண்ணுக்குப் பதிலாக அடுத்த எண்ணுடன் சராசரி எடுக்கும் வழிகாட்டிகளும் உள்ளன. அவற்றில் அரையைக் கழிக்க வேண்டும். அணியின் நீளம் முழு எண்ணாகவே இருக்க வேண்டும் என்பதால் உயர் சுரங்களில் சுருதி விலகும். நீளம் 25 எனில் 1,729 ஹெர்ட்சு, 24 எனில் 1,800 ஹெர்ட்சு. இடையில் உள்ள 1,760 கிடைக்காது. டேவிட் ஜேஃபி, ஜூலியஸ் ஸ்மித் ஆகியோர் பின்ன அளவுத் தாமதம் தரும் வடிகட்டியைச் சேர்த்து 1983 இலேயே இதற்குத் தீர்வு கண்டனர்.

0.996 என்னும் காரணி மூல முறையில் இல்லாதது. அது இல்லையெனில் தாழ்ந்த சுரங்கள் நிமிடக் கணக்கில் ஒலித்துக்கொண்டே இருக்கும். சேர்த்தால் மேற்கண்ட சுரத்தின் அடிப்படை அதிர்வு ஒரு நொடியில் ஏறத்தாழ 59 விழுக்காடாகக் குறையும். தொடக்க எண்களின் சராசரியைக் கணக்கிட்டு ஒவ்வொன்றிலிருந்தும் கழித்துவிடுவதும் நல்லது. இல்லையேல் அலை முழுவதும் நடுக்கோட்டிலிருந்து சற்று விலகி நிற்கும்.

இம்முறையில் தம்புராவின் நான்கு தந்திகளை அமைக்க முயல்வது நல்ல பயிற்சி. நடுச் சட்சம் இரண்டிற்கும் நீளம் 337. அதற்குக் கீழுள்ள பஞ்சமத்திற்கு 449. கீழ்ச் சட்சத்திற்கு 674. சுருதி சரியாகவே சேரும். ஆயினும் கேட்பது தம்புரா அன்று, கித்தார் போன்ற ஏதோ ஒன்று. தம்புராவின் குதிரை வளைந்த பரப்புடையது. தந்திக்கு அடியில் ஒரு நூலும் வைக்கப்படுகிறது. தந்தி அதிரும்போது அப்பரப்பை மீண்டும் மீண்டும் தொட்டு விலகுவதால் உயர் சீரிசைகள் தொடர்ந்து ஊட்டம் பெறுகின்றன. தம்புராவிலும் வீணையிலும், தந்தியை மீட்டும் இடத்தைப் பொறுத்து மறைய வேண்டிய சீரிசைகளும் கேட்பதைச் சி. வி. இராமன் 1921 இல் எடுத்துக்காட்டினார். சராசரி எடுக்கும் நிரலோ உயர் சீரிசைகளைத் தேய்க்க மட்டுமே அறியும்.

நிகழ்நேர ஒலி

விசையை அழுத்தியவுடன் ஒலி எழ வேண்டுமெனில் கோப்புமுறை போதாது. மாதிரிகளைச் சிறு தொகுதிகளாகக் கணக்கிட்டு ஒலி அட்டைக்கு இடைவிடாமல் வழங்க வேண்டும். 512 மாதிரிகள் கொண்ட தொகுதி 11.6 மில்லிநொடிக்குள் தீர்ந்துவிடும். அடுத்தது அதற்குள் ஆயத்தமாக இல்லையெனில் ஒலி அறுபடும். ஒரு மாதிரிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 22.7 மைக்ரோநொடி. ஓர் அலையியற்றிக்கு இது தாராளம். பல சுரங்களும் வடிகட்டிகளும் சேர்ந்தால், ஒவ்வொரு கூட்டலையும் தனித்தனியே ஆராய்ந்து இயக்கும் பைத்தானால் ஈடுகொடுக்க இயலாது.

இதற்கு வழக்கமான தீர்வு நம்பை நிரலகம் (முதற்பதிப்பு 2006). முழுத் தொகுதிக்கும் ஒரே கட்டளையில் கணக்கிட உதவும் இதன் உட்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. கட்டத்தைக் கூட்டிச் செல்லும் பணியை அதன் திரள்கூட்டல் சார்பு செய்துவிடும். ஆனால் கார்ப்பிளசு–சுட்ராங் போன்று வெளியீடே மீண்டும் உள்ளீடாகும் முறைகளை இவ்வாறு ஒரே கட்டளையில் எழுதுவது எளிதன்று. ஒலி அட்டைக்கு அனுப்ப சவுண்டுடிவைஸ் என்னும் நிரற்கூறு பயன்படுகிறது. இது போர்ட்ஆடியோ என்னும் கட்டற்ற நிரலகத்தின் மீது அமைந்தது. ஒலிவியே பெலாஞ்சே உருவாக்கிய பையோ நிரலகத்தில், ஒலியைக் கணக்கிடும் பணி முழுவதும் சி மொழியில் நடக்கிறது. எதை எதனுடன் இணைப்பது என்பதை மட்டும் பைத்தானில் எழுதினால் போதும்.

பழைய வழிகாட்டிகளைப் பயன்படுத்துவோர் பதிப்பு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஆதரவு 2020 இல் முடிவுற்ற பைத்தான் 2 இல் 1 ÷ 2 இன் விடை சுழி. அதற்கென எழுதிய நிரல்கள் இன்றைய பதிப்பில் பல இடங்களில் வேறுவிதமாக நடக்கும். ஒலி மாதிரிகளைக் கையாள உதவிய ஆடியோஆப் உள்ளிட்ட சில செந்தர நிரற்கூறுகள் 2024 இல் வெளியான 3.13 பதிப்பில் நீக்கப்பட்டன. வேவ் நிரற்கூறு நீக்கப்படவில்லை.

பிற மொழிகள்

ஜேம்ஸ் மெக்கார்ட்னி 1996 இல் வெளியிட்ட சூப்பர்கொலைடர், ஒலித்தொகுப்பிற்கெனவே அமைந்த மொழியாகும். சாம் ஆரன் உருவாக்கிய சோனிக் பை, ரூபி மொழியை அடிப்படையாகக் கொண்டு பள்ளி மாணவர்களுக்காக எழுதப்பட்டது. ஒலியை உருவாக்க அது சூப்பர்கொலைடரின் வழங்கியையே பயன்படுத்துகிறது. உலாவியில் ஜாவாஸ்கிரிப்டு கொண்டு ஒலித்தொகுப்பு செய்ய உதவும் வெப் ஆடியோ இடைமுகம் 2021 இல் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக ஏற்கப்பட்டது. அதில் அலையியற்றிகளும் வடிகட்டிகளும் ஆயத்த நிலையில் கிடைக்கின்றன. ஆனால் பயனர் பக்கத்தில் எதனையேனும் சொடுக்கும் வரை பெரும்பாலான உலாவிகள் ஒலியைத் தொடங்க விடுவதில்லை. நிரல் சரியாக இருந்தும் ஒலி வராததற்கு அங்கு இதுவே பெரும்பாலும் காரணம்.